கடலடிச் சமாதிகளைக் காப்போம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்குக் கடல் தூரமே எனினும், இதே பகாங் மாநிலத்தின் குவாந்தான் கரைக்கப்பால், 1941 டிசம்பர் 10ஆம் தேதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு இரையான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்கள், 800க்கும் மேற்பட்ட மாலுமிகளின் சமாதியாகக் கிடக்கின்றன என்பதை நாம் மறத்தற்கில்லை. மரத்தை அரிக்கும் கப்பற்புழு நன்னீரில் இல்லாமையால், குளிர்ந்த ஏரிகளில் மூழ்கிய மரக்கலங்கள் நெடுங்காலம் சிதையாது நிலைக்கின்றன. உப்புநீரிலோ இக்கப்பல்களின் உருக்கும் துருவேறித் தேய்கிறது. ஆயினும் துருவினும் கொடியது மூழ்கிய கப்பல்களைச் சூறையாடும் மனிதரின் பேராசையே என்பதற்கு, 2023 மே மாதத்தில் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்துவைத்த அந்நியக் கப்பலொன்றில் பழைய பீரங்கிக் குண்டுகள் அகப்பட்டமை சாட்சி. உல்லாசமாக முக்குளிக்கச் செல்வோர், கண்டு வணங்கி, ஓர் ஆணியையும் தொடாது மீள்வதே தர்மம். கடற்காவலை வலுப்படுத்தி, கொள்ளையிடுவோரைத் தாட்சண்யமின்றித் தண்டிப்பது அரசாங்கத்தின் கடமை.