கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமா?

போரினாலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையினாலும் இடம்பெயர்ந்த நமது குடும்பங்களில், மாதவிடாயின்போது அளவுக்கு மிஞ்சி இரத்தம் போவதைப் பெண்கள் வெளியில் சொல்வதில்லை. களை பிடுங்கப் போகும் தாய்க்கு ஒரு நாட்கூலி தவறினால் அன்று அடுப்பு எரியாது. இரத்தச்சோகையால் தலைசுற்றி விழுந்த பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு போகிறோம். “கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும்” என்றதும் சிலர் பயந்து திரும்பி வருகிறார்கள். சிலர் ஒன்றும் கேளாமல் கையொப்பமிடுகிறார்கள். இரண்டும் சரியல்ல.

கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அதற்கு வேறு சிகிச்சைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாறு நாம் அறிய வேண்டியது.

பிரசவத்தின்பின் நிற்காத இரத்தப்பெருக்கை, கர்ப்பப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைத்து நிறுத்தும் முறை 1970களின் இறுதியில் வந்தது. பாரிஸ் நகரில் ஜாக் ரவினா என்ற பெண்நோயியல் வைத்தியர், கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சையில் இரத்தம் குறைவாகப் போகட்டும் என்று முன்கூட்டியே இம்முறையைக் கையாண்டார். சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த பெண்கள் பலருக்கு நோய்க்குறிகள் நீங்கிவிட, சத்திரசிகிச்சையே தேவைப்படவில்லை! 1995இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 16 பெண்களைப் பற்றி அவரது குழுவினர் எழுதினர். 11 பேருக்கு நோய்க்குறிகள் முற்றாக நீங்கியிருந்தன.

செய்முறை இதுதான். தொடையின் மேற்பகுதியில் அல்லது மணிக்கட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை எக்ஸ்ரே உதவியுடன் கர்ப்பப்பையின் இரத்தக் குழாய்வரை செலுத்தி, மணல் போன்ற நுண்துகள்களை விடுவார்கள். இரத்தம் கிடைக்காத கட்டி சுருங்கும், கர்ப்பப்பை தப்பும்.

இது மந்திரமல்ல. சில நாட்கள் கடும் வலியும் காய்ச்சலும் வரலாம். இனியும் பிள்ளை பெற விரும்புவோர் வைத்தியருடன் நன்கு ஆலோசிக்க வேண்டும். 2007இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், இதைச் செய்தவர்கள் ஏறத்தாழ ஒரு நாளிலும் சத்திரசிகிச்சை பெற்றவர்கள் ஐந்து நாட்களிலும் வீடு திரும்பினர். ஆனால் முதல் வகையினரில் சிலருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது. நெதர்லாந்து ஆய்வில் பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கர்ப்பப்பையை இழக்கவில்லை.

2004 நவம்பரில் அமெரிக்க உயர் அதிகாரி கொண்டலீசா ரைஸ் இச்சிகிச்சை பெற்று மறுநாளே வீடு திரும்பினார். விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டிய தேவை அவரைவிட நமது கூலித் தாய்க்கே அதிகம். வாரக்கணக்கில் படுத்திருக்க அவளால் முடியாது.

விலை கூடிய கருவியும் பயிற்சி பெற்ற நிபுணரும் வேண்டும் என்பது உண்மையே. அதற்காக இப்படியொரு வழி இருப்பதையே ஏழைப் பெண்ணுக்குச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அரசாங்க வைத்தியசாலைகளில் இதைப் பெற வழி செய்யுமாறு நமது மாதர் சங்கங்கள் கேட்க வேண்டும்.

தாய்மாரே, இரத்தப்போக்கை மறைக்காதீர்கள். சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லுங்கள். கையொப்பமிடுமுன், “இது புற்றுநோயா? மருந்தால் மாறாதா? கர்ப்பப்பையை எடுக்காமல் வேறு வழி உண்டா?” என்று கேளுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் தயங்காமல் சம்மதியுங்கள். ஆனால், கேட்டறிந்து சம்மதியுங்கள்.