குர்பிரீத்தும் ஒரு வாராக்கடனும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன் மக்களே. 2024 நவம்பர் 18-ம் தேதி ராத்திரி குர்பிரீத் சிங் சாந்துவை நான் திட்டிய திட்டு எங்க ஆத்தா காதில் விழுந்திருந்தால், வாயில் வரமிளகாயை வைத்துத் தேய்த்திருக்கும். ஹைதராபாத்தில் இந்தியா-மலேசியா ஆட்டம், 19-வது நிமிடம். நீளமாக ஒரு பந்து வருகிறது. மனுஷன் கோலை விட்டு வெளியே ஓடி வந்தார். பந்து கிடைக்கவில்லை. பாவ்லோ ஜோஸுவே காலி கோலில் தட்டிவிட்டுப் போய்விட்டார். "ஆள் முடிஞ்சுது, பென்ஷன் வாங்கிட்டு மொஹாலிக்கே போகச் சொல்லுங்கடா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் போட்டது சாட்சாத் அடியேன்தான்.

பத்து மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 8. அதே ஹாஸ்டல் ரூம், அதே கீறல் விழுந்த போன். தஜிகிஸ்தானில் காஃபா கோப்பை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், எதிரே ஓமன். 1-1 ஆகி பெனால்டிக்குப் போனது. ஓமனின் கடைசி உதையைக் குர்பிரீத் தடுத்தார். 3-2, நமக்கு வெண்கலம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து ரூமில் காஸ்டிங் படித்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து கதவைத் தட்டினான். அன்றைக்கு என் ஸ்டேட்டஸ் என்ன தெரியுமா? குர்பிரீத் படம், கீழே "என் தங்கம்".

வெட்கமாகத்தான் இருக்கிறது. இதில் நான் தனி ஆள் இல்லை என்பதுதான் ஆறுதல்.

கோயம்புத்தூர்க்காரனுக்கு பெங்களூரு கிளப் மேல் என்ன பாசம் என்று கேட்பீர்கள். நமக்கும் ஒரு அணி இருந்ததுங்க. பேர்தான் சென்னை சிட்டி, ஆடியது நம்ம நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று அடித்து ஐ-லீக் பட்டத்தை இங்கேயே வாங்கினார்கள். நான் அப்போது எட்டாவது. மாமா தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச வருஷத்தில் அந்த அணி லீகை விட்டே போய்விட்டது. அப்புறம் 2022 டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் நம்ம சிவகங்கைப் பக்கத்துப் பையன் சிவசக்தி பெங்களூருவுக்காக கோல் அடித்ததும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மெஜஸ்டிக். சென்னையை விட அதுதான் நமக்குப் பக்கம்.

ஆனால் குர்பிரீத்தைப் பற்றிய என் முதல் அபிப்பிராயம் அதற்கும் முந்தியது. 2018 மார்ச் 17, ஐ.எஸ்.எல் இறுதிப் போட்டி. கண்டீரவா மைதானத்தில் சென்னையின் அணியின் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டியே இரண்டு கோல் போட்டார். 3-2 என்று கோப்பை சென்னைக்கு. "ஆறரை அடி உசரம் இருந்து என்னடா பிரயோஜனம்" என்று மாமா சிரிக்க, நானும் சிரித்தேன். அப்போது பெங்களூரு நமக்கு எதிரி அல்லவா :-)

பெங்களூரு ரசிகர்களுக்கும் அந்த முதல் சீசன் அப்படியொன்றும் இனிப்பாக இல்லை. நார்வேயின் ஸ்டாபெக்கில் இருந்து 2017 ஆகஸ்டில் வந்தவர், ஐரோப்பாவில் ஆடிய ஆள் என்று ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. நவம்பரிலேயே கோவாவில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அணி 3-4 என்று தோற்றது. ஆனால் அடுத்த வருஷமே பட்டம், தங்கக் கையுறை. 2019-20-ல் மறுபடியும் தங்கக் கையுறை, 11 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. நடுவில் 2019 செப்டம்பரில் தோஹா. சேத்ரிக்குக் காய்ச்சல் என்று குர்பிரீத்தான் கேப்டன். ஆசிய சாம்பியன் கத்தார் மாறி மாறி அடித்துப் பார்த்தும் 0-0. அந்த ராத்திரி அவரைத் திட்ட இந்தியாவில் ஆளே கிடையாது.

அங்கிருந்து 2022 ஜனவரிக்கு வாருங்கள். அணி தடுமாறுகிறது. குர்பிரீத்தை உட்கார வைத்து லாரா சர்மா என்கிற இளைஞரை இறக்குகிறார் பயிற்சியாளர். "அப்பவே சொன்னேன்" கூட்டம் கிளம்பியது. காலால் பந்தைக் கொடுக்கத் தெரியாது, குறுக்கே வரும் பந்துக்கு முன்னே வரமாட்டார், வந்தால் திரும்பமாட்டார் என்று பட்டியல். எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. அந்த 11 ஆட்டங்களில் அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டத் தூண் ஹுவானன் 2021-லேயே கிளப்பை விட்டுப் போய்விட்டார். சுவர் இருந்தபோது பேர் வாங்கியதும் காவல்காரர், சுவர் போனபோது அடி வாங்கியதும் அவரே.

ஓர் ஆண்டு கழித்து 2023 மார்ச். மும்பை சிட்டியோடு அரையிறுதி. ஆட்டத்துக்குள் கிரெக் ஸ்டூவர்ட்டின் பெனால்டியைப் பிடித்தார், ஷூட்-அவுட்டில் மெஹ்தாப் சிங்கின் பந்தைத் தடுத்தார். 9-8. மறுபடியும் சாமி. ஜூலையில் அதே கண்டீரவாவில் தெற்காசியக் கோப்பை, குவைத்தின் கடைசி பெனால்டியையும் தடுத்தார். அதுக்கப்புறம் 2024 ஜனவரி ஆசியக் கோப்பை, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் தட்டிவிட்ட பந்து நேரே ஜாக்சன் இர்வின் காலுக்குப் போய் கோல். சாமி மலையிறங்கியது.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. போன வருஷம் எங்கள் காலேஜில் டிபார்ட்மெண்ட் மேட்ச். ஆள் இல்லை என்று என்னை கோலில் நிறுத்தினார்கள். பெனால்டி. எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுவிலேயே நின்றேன். பந்து வலது மூலையில் போனது. "கையைக் கூட அசைக்கலயே மாப்ள" என்று இன்றைக்கு வரைக்கும் கேட்கிறார்கள் (நீங்கள்தாண்டா, படித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்). தப்பான பக்கம் விழுந்து புரண்டிருந்தால் "பாவம், முயற்சி பண்ணினான்" என்றிருப்பார்கள். கோல் ஒன்றுதான், ஆனால் தீர்ப்பு வேறு.

2007-ல் இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கோல்கீப்பர்கள் நூற்றுக்கு 93 தடவைக்கு மேல் இடமோ வலமோ பாய்கிறார்கள். ஆனால் கணக்குப்படி நடுவில் அசையாமல் நிற்பதுதான் தடுக்கும் வாய்ப்பு அதிகமுள்ள வழி. பின்னே ஏன் பாய்கிறார்கள்? சும்மா நின்று கோல் விட்டால் ஊர் காறித் துப்பும் என்ற பயம் என்கிறார்கள். அந்த ஊர் யார்? நாம்தான். ஹைதராபாத்தில் குர்பிரீத் வெளியே ஓடி வந்ததில் நம் பங்கு எவ்வளவு என்று எனக்கு அடிக்கடி தோன்றும். "முன்னே வரமாட்டார்" என்று வருஷக்கணக்கில் கத்தியது நாம்தானே.

எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட். அவர்களிடமும் ஒரு டி கியா கதை உண்டு. நான்கு தடவை கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், 2022-23-ல் தங்கக் கையுறை வாங்கிய கையோடு, காலால் ஆடத் தெரியாது என்ற பேச்சுக்கு நடுவே 2023-ல் கிளம்பினார். 2024 அக்டோபரில் பியோரெண்டினாவுக்காக மிலானின் இரண்டு பெனால்டிகளை அவர் தடுத்த அன்று, "அவரை விட்டிருக்கவே கூடாது" என்று அழுததும் இதே ஆட்கள்தான்.

நம்ம பாடத்துக்கு வருகிறேன். கடன் திரும்பி வருமா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? வாரா ஐயக்கடன் ஒதுக்கு. கொஞ்சம் தொகையை ஒதுக்கி வைப்போம், கடனாளி பெயர் பேரேட்டில் அப்படியே இருக்கும். வராது என்று முடிவான பிறகுதான் வாராக்கடன் என்று போக்கெழுதுவது. 2022-ல் லாராவை இறக்கியது ஐயக்கடன் ஒதுக்கு. 2025 மார்ச்சில் இந்திய அணி விஷால் கெய்த்தை நிறுத்தியதும் அதுவே. இரண்டுமே சரி என்பது என் கட்சி. ஃபார்ம் இல்லாதவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் உட்காரத்தான் வேண்டும். ரசிகர்களாகிய நாம் செய்வது வேறு. ஒரே ராத்திரியில் மொத்தத்தையும் போக்கெழுதிவிட்டு, அப்புறம் ஓமன் மேட்ச் மாதிரி வசூலானதும் ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி குதிக்கிறோம். எட்டு வருஷ பாக்கி அது. நம்ம பேரேட்டிலேயே இருந்திருக்க வேண்டியது.

அவருக்கு இது உறைக்குமா, உறைக்காதா, தெரியாது. பெங்களூருவின் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் கூட்டம் அவருக்காகப் பாடுகிறது. ஒரு பாதி ஆட்டம் முழுக்க, முதுகுக்குப் பின்னால் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் தூரத்தில் நிற்கும் ஒரே ஆட்டக்காரர் கோல்கீப்பர்தான்.

2025 அக்டோபர் 14, கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, அடுத்த ஆசியக் கோப்பைக் கனவும் போயிற்று. இரண்டாவது கோல் விழுந்ததும் குரூப்பைத் திறந்து "பென்ஷன்" வரைக்கும் டைப் பண்ணிவிட்டேன். ஓமன் ஞாபகம் வந்து அழித்தேன். அனுப்பவில்லை.

அதற்குள் பக்கத்து ரூம்காரன் அனுப்பிவிட்டான்.