கண்ணாடி ஆலயத்தை விற்றுவிட்டு சின்ன இடத்துக்குப் போன சபை: கிரிஸ்டல் கதீட்ரலுக்கு என்னதான் ஆச்சு?

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளால் ஆன சுவர், கூரை. உள்ளே இருந்தபடியே வானத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கார்டன் குரோவ் நகரில் இருக்கும் 'கிரிஸ்டல் கதீட்ரல்', உலகப் புகழ்பெற்ற தேவாலயங்களில் ஒன்று. ஆனால் அதைக் கட்டிய சபைக்கு இன்று அது சொந்தம் இல்லை. 2013-ல் அந்தச் சபை மக்கள் அதை விட்டு வெளியேறி, சுமார் ஒரு மைல் தூரத்தில் இருந்த சாதாரண கட்டடத்துக்குப் போனார்கள். ஏன் இப்படி? போன இடத்தில் பிழைத்தார்களா?

தொடக்கம் எப்படி?

1955-ல் ராபர்ட் ஷுல்லர் என்ற இளம் போதகர், மனைவி அர்வெல்லாவுடன் கலிபோர்னியா வந்தார். கையில் இருந்தது 500 டாலர். ஆராதனை நடத்த இடம் கிடைக்கவில்லை. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி தியேட்டர் ஒன்றை ஞாயிறு காலைக்கு வாடகைக்கு எடுத்தார். தின்பண்டக் கடையின் கூரை மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். மக்கள் காரை விட்டு இறங்காமலே கேட்டார்கள்.

1970-ல் 'ஹவர் ஆஃப் பவர்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. பல நாடுகளில் ஒளிபரப்பானது, காணிக்கையும் வந்து குவிந்தது. 1980-ல் கட்டடக்கலைஞர் பிலிப் ஜான்சன் வடிவமைத்த கண்ணாடி ஆலயம் எழுந்தது. ஒரு கண்ணாடிக்கு 500 டாலர் என்ற கணக்கில் விசுவாசிகளிடம் நன்கொடை திரட்டினார்கள். அதாவது, 'அதுல ஒரு கண்ணாடி எங்க வீட்டுக் காசு' என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

எங்கே சறுக்கியது?

முதல் காரணம், தலைமைக் குழப்பம். ஷுல்லரின் மகன் 2006-ல் தலைமைப் போதகர் ஆனார். இரண்டே ஆண்டுகளில் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருந்து விலக்கப்பட்டு, பிறகு சபையை விட்டும் போனார். பொறுப்பு மகளின் கைக்கு வந்தது. குடும்பத்துக்குள் நடந்த இந்த இழுபறி, டிவி பார்த்துப் பணம் அனுப்பியவர்களுக்கும் தெரியவந்தது.

இரண்டாவது, 2008 பொருளாதார வீழ்ச்சி. காணிக்கை குறைந்தது. ஆனால் கடன் தவணையும் ஒளிபரப்புச் செலவும் குறையவே இல்லை.

இதுதான் பிரச்சினையின் மையம். காணிக்கை என்பது மாதாமாதம் ஏறி இறங்கும் வருமானம். கட்டடமோ, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே செலவைக் கேட்கும். 2,700 பேர் உட்காரக்கூடிய ஆலயத்தில் பாதி காலியாக இருந்தாலும் பராமரிப்புச் செலவு பாதியாகாது.

2010 அக்டோபரில் சபை திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அப்போது அடமானக் கடன் மட்டும் சுமார் 3.6 கோடி டாலர். அதுபோக, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பொருளும் வேலையும் கொடுத்த சிறு வியாபாரிகளுக்கும் பாக்கி இருந்தது.

யார் வாங்கினார்கள்?

சாப்மன் பல்கலைக்கழகமும், ஆரஞ்ச் கத்தோலிக்க மறைமாவட்டமும் போட்டி போட்டன. கடைசியில் மறைமாவட்டம் 5.75 கோடி டாலருக்கு வாங்கியது. அது தொடர்ந்து வழிபாட்டு இடமாகவே இருக்கும் என்பது ஷுல்லர் தரப்பு அந்த முடிவுக்கு வர முக்கியக் காரணம்.

மறைமாவட்டத்துக்கும் இது லாபக் கணக்குதான். புதிதாகப் பேராலயம் கட்ட அது ஏற்கெனவே திட்டமிட்டிருந்தது. அதற்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆகும் நிலை. ஒருவருக்குத் தாங்க முடியாத சுமையான கட்டடம், இன்னொருவருக்கு மலிவாகத் தெரிந்தது. வாங்கிய பிறகு சீரமைப்புக்கு மட்டும் சுமார் 7.7 கோடி டாலர் ஆனது தனிக் கதை. 2019 ஜூலையில் அது 'கிறைஸ்ட் கதீட்ரல்' என அர்ச்சிக்கப்பட்டது.

சபை எங்கே போனது?

இங்கே ஒரு சுவாரசியம். பக்கத்தில் இருந்த புனித கலிஸ்டஸ் கத்தோலிக்கப் பங்கு மக்கள் கண்ணாடி ஆலய வளாகத்துக்கு வந்தார்கள். அவர்கள் காலி செய்த ஆலயத்துக்கு ஷுல்லரின் சபை போனது. கிட்டத்தட்ட வீடு மாற்றிக்கொண்ட மாதிரி. 2013 ஜூன் 30-ல் கண்ணாடி ஆலயத்தில் கடைசி ஆராதனை நடந்தது. ஆராதனை நடந்த இடத்தில் திருப்பலி, திருப்பலி நடந்த இடத்தில் ஆராதனை என்று ஆனது.

புது இடத்தில் பெயரும் மாறியது: 'ஷெப்பர்ட்ஸ் குரோவ்', அதாவது மேய்ப்பனின் தோப்பு. நிறுவனரின் பேரன் பாபி ஷுல்லர் போதகர் ஆனார்.

புதிய தொடக்கம் பலித்ததா?

பாதி பலித்தது எனலாம். சபை கலைந்துவிடவில்லை. 'ஹவர் ஆஃப் பவர்' நிகழ்ச்சியும் நிற்கவில்லை. கழுத்தை நெரித்த கடன் போனது. ஆனால் பழைய கூட்டமும் செல்வாக்கும் திரும்பவில்லை. 2018-ல் சபை மறுபடியும் இடம் மாறி, இர்வைன் நகரில் உள்ள ஒரு பிரஸ்பிட்டேரியன் ஆலய வளாகத்துக்குப் போனது.

இழப்பும் சின்னது இல்லை. கண்ணாடி ஆலய வளாகத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சபை மக்கள் பலர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 2015-ல் இறந்த ஷுல்லரும் அங்கேயே, மனைவியின் அருகில். சபை இடம் மாறலாம், கல்லறைகளைக் கூடவே கொண்டுபோக முடியாது. சொந்தக்காரர்களின் கல்லறைக்குப் பூ வைக்க, இப்போது வேறொரு சபையின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

கடன் வாங்கிப் பெரிய ஆலயம் எழுப்ப நினைக்கும் எந்தச் சபைக்கும் இந்தக் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டி முடிக்க எவ்வளவு ஆகும் என்பது முதல் கேள்விதான். கூட்டம் பாதியாகக் குறைந்த ஆண்டிலும் அதைத் தாங்க முடியுமா என்பதே முக்கியமான கேள்வி. வாடகை தியேட்டரில் தொடங்கிய சபைக்கு, கூரை இல்லாமலும் ஆராதனை நடத்தத் தெரிந்திருந்தது. கடைசியில் அதைக் காப்பாற்றியதும் அந்தப் பழக்கம்தான்.