தொட்டிலுக்கு முன்பே தொடங்கும் பாதிப்பு

தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்கு அருகே, திருக்கருகாவூரில் கோயில் கொண்டிருக்கும் கர்ப்பரட்சாம்பிகையிடம் மகப்பேறு வேண்டித் தம்பதியர் வருவது காலங்காலமாகத் தொடர்கிறது. குழந்தை இல்லை என்றதும் ஊர் முதலில் கேள்வி கேட்பது மனைவியைத்தான். விரதமும் அவளுக்கே, பரிசோதனையும் அவளுக்கே. ஆனால், மகப்பேறின்மையால் வருந்தும் இணையர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் குறைபாட்டுக்கும் பங்குண்டு என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் உண்மை. அந்தக் குறைபாடு, அவன் தாயின் வயிற்றில் இருந்தபோதே வேர்விட்டிருக்கக்கூடும் என்பதே அண்மைக்கால ஆய்வுகள் தரும் எச்சரிக்கை.

மேலை நாடுகளின் ஆண்களிடம் 1973-க்கும் 2011-க்கும் இடையே விந்தணுச் செறிவு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கூறியது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் தரவுகளையும் சேர்த்து 2022-இல் வெளியான அடுத்த ஆய்வும் அதே சரிவையே காட்டியது. புகையிலை, உடல் பருமன், பூச்சிக்கொல்லி எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் நம் கண்ணில் படாத ஒன்று, நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கப்படும் தாலேட் எனும் வேதிப்பொருள்.

பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையும் குழாயாகவும் மிருதுவான பொம்மையாகவும் மாற்றுவது தாலேட்தான். அது நெகிழியுடன் வேதிப்பிணைப்பில் இருப்பதில்லை, கலந்தே இருக்கிறது. எனவே, வெப்பம் பட்டாலும் எண்ணெய்ப் பசை பட்டாலும் மெல்லக் கசிகிறது. கருவுற்ற எட்டாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில்தான் ஆண் கருவின் இனப்பெருக்க உறுப்புகள் டெஸ்டோஸ்டிரோனின் ஆணையை ஏற்று உருக்கொள்கின்றன. சில தாலேட்டுகள் அந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. கருவுற்ற எலிகளுக்கு அவற்றைக் கொடுத்தபோது, பிறந்த ஆண் குட்டிகளிடம் விதை கீழிறங்காமை, சிறுநீர்த் துளை இடம்மாறி அமைதல் போன்ற குறைகள் காணப்பட்டன. மனிதர்களிடமும் இத்தகைய தொடர்பு இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் ஷன்னா ஸ்வான் குழுவினர் 2005-இல் சுட்டிக்காட்டினர். கருவுற்ற தாயின் சிறுநீரில் தாலேட்டின் சிதைபொருள்கள் மிகுந்திருந்தபோது, பிறந்த ஆண் குழந்தைகளின் உறுப்பு வளர்ச்சியில் வேறுபாடு தெரிந்தது.

இது எங்கோ நடக்கும் கதையன்று. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரியின் நீரிலும் வண்டலிலும் தாலேட்டுகள் இருப்பதை 2015-இல் வெளியான ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். கல்லணையைக் கடந்து குறுவைக்கும் சம்பாவுக்கும் பாயும் நீர் இது. மண்ணும் நீரும் கெடக் கூடாது என்பதற்காகவே 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றினோம். அந்தப் பாதுகாப்பு எண்ணெய்க் கிணறுகளோடு நின்றுவிடலாமா என்பதே என் கேள்வி.

ஆற்றைவிட நெருக்கமான வழிகளும் உண்டு. அவற்றுள் நான் முதன்மையாகக் கருதுவது மருத்துவமனை. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் சிசுவுக்குக் குருதியும் மருந்தும் உணவும் மென்குழாய்கள் வழியாகவே செல்கின்றன. டிஇஎச்பி எனும் தாலேட் கலந்த பிவிசி குழாய்களை ஆண் சிசுக்களுக்குப் பயன்படுத்துவது குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-லேயே எச்சரித்தது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மாற்றுக் கருவி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அதன் அறிவுரை. பிரான்ஸ், குழந்தை நலப் பிரிவுகளிலும் மகப்பேறு பிரிவுகளிலும் இத்தகைய குழாய்களை 2015 ஜூலை முதல் தடை செய்தது.

நாமும் கைகட்டி நிற்கவில்லை. பொம்மைகளில் தாலேட்டின் அளவுக்கு வரம்பு விதிக்கும் இந்தியத் தரநிர்ணயம் 2021 ஜனவரி முதல் கட்டாயமாகியுள்ளது. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு உள்ள அக்கறை, அதன் நரம்பில் ஏறும் குழாய்க்கு வேண்டாமா? அரசு மருத்துவமனைகளுக்குக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கான ஒப்பந்தப் புள்ளிகளில் 'டிஇஎச்பி இல்லாதது' என்ற நிபந்தனையைச் சேர்த்தாலே பெரிய மாற்றம் நிகழும். காவிரி நீரில் தாலேட் அளவைக் காலமுறைப்படி சோதித்து வெளியிடுவதும், கருவுற்ற பெண்களுக்குத் தரப்படும் ஆலோசனைகளில் இதை இணைப்பதும் அடுத்த படிகள்.

இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. தாலேட்டுகள் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை. ஓரிரு நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அன்றாடம் புதிதாக உட்செல்வதாலேயே அவை நீடிக்கின்றன. சூடான குழம்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் எவர்சில்வர் பாத்திரத்தில் வாங்குவதும், நெகிழிக் குப்பையைக் கொளுத்தாதிருப்பதும் எல்லோராலும் இயலும்.

எனினும், சுமை முழுவதையும் மீண்டும் கருவுற்ற பெண்ணின் தலையிலேயே ஏற்றுவது நியாயமாகாது. குழாயில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவள் அறிய வழியில்லை. அதை அறிந்து, தடுக்க வேண்டிய பொறுப்பு வாங்குகிற அரசுக்கும் விற்கிற நிறுவனங்களுக்குமே உரியது.