பழைய மடிக்கணினிக்குள் ஒரு பென்குயின்!



"சார், புரோகிராமிங் கத்துக்கணும். சொந்தமா ஒரு வெப்சைட் செய்யணும். எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினா நல்லது?" என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். பெற்றோர் இன்னும் ஒரு படி மேலே போய், "நகையை அடகு வெச்சாவது புதுசா ஒண்ணு வாங்கிடலாமா, சார்?" என்கிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் வடசென்னையில் எங்கே போனாலும் இந்தக் கேள்வி வருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள்! அக்காவுக்கோ சித்தப்பாவுக்கோ அரசு கொடுத்த பழைய மடிக்கணினி அங்கே தூசி படிந்து கிடக்கிறதா? ஓடும் நிலையில் இருந்தால், கற்றுக்கொள்ள அதுவே போதும். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தொடங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

இயங்குதளம் என்றால் என்ன?

நம் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல்கள் வருகின்றன. கிரேன்கள் நிற்கின்றன. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எந்தக் கப்பல் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த கிரேன் எந்தச் சரக்கை இறக்க வேண்டும், எந்த லாரி எப்போது உள்ளே வர வேண்டும் என்று ஒருவர் ஒழுங்குபடுத்தாவிட்டால் என்ன ஆகும்? ஒரே குழப்பம்தான்!

கணினிக்குள் இந்த வேலையைச் செய்வதுதான் இயங்குதளம். பாடநூலில் இதை 'இயக்க அமைப்பு' என்று படிப்பீர்கள். விசைப்பலகை, திரை, நினைவகம், நீங்கள் திறக்கும் செயலிகள் எல்லாவற்றையும் ஒழுங்காக வேலை வாங்குவது இதுதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், ஆப்பிள் நிறுவனத்தின் மேக், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் ஆகிய மூன்றும்தான் கணினிகளில் அதிகம் பேசப்படுபவை.

லினக்ஸ் எப்படி வந்தது தெரியுமா? 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எல்லோரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு 'குனு' என்று பெயர். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21! இரண்டும் சேர்ந்துதான் இன்றைய லினக்ஸ். அதன் சின்னம் ஒரு கொழுகொழு பென்குயின்.

நம் ஊருக்கு வந்த பென்குயின்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுத்த அந்த மடிக்கணினிகளில் ஒன்றல்ல, இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று 'பாஸ்' லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்த இயங்குதளம் அது. தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் வேலை செய்வதற்காக உருவாக்கப்பட்டது.

ஆனால் நடந்தது என்ன? பல வீடுகளில் அந்தப் பென்குயினை ஒரு நாள்கூட யாரும் எழுப்பவில்லை. "அது என்னமோ வேற மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார்கள். மடிக்கணினி படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் பயன்பட்டது. பிறகு மெதுவாகிவிட்டது என்று பரணுக்குப் போய்விட்டது.

இப்போது இன்னொரு செய்தி. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் ஏறாது. அதற்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத ஒரு பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதனால் நன்றாக ஓடும் கணினிகளைக்கூட, "இது பழசு, தூக்கிப் போடு" என்கிறார்கள்.

தூக்கிப் போட்டால் எங்கே போகும்? கொடுங்கையூர் குப்பை மேட்டை நமக்குத் தெரியாதா? ஊர்க் குப்பையையும் ஆலைப் புகையையும் ஏற்கெனவே சுமக்கும் பகுதி நம்முடையது. ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் உள்ள மின்னணுக் கழிவையும் நாமே சேர்க்க வேண்டுமா? பயன்படும் வரை பயன்படுத்துவோம் என்பது என் முதல் காரணம்.

குளத்தில் பழகி, கடலில் இறங்கலாமா?

இரண்டாவது காரணம், நீங்கள் செய்ய விரும்பும் வேலையைப் பற்றியது. நீங்கள் செய்யும் இணையத்தளம் உங்கள் வீட்டுக் கணினியிலேயே இருக்கப் போவதில்லை. எங்கோ உள்ள 'சர்வர்' என்ற கணினியில் ஏற்றப்படும். அங்கிருந்துதான் உலகம் அதைப் பார்க்கும். அந்தச் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. அப்பாவின் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதிதான்!

ஒரு சின்ன எடுத்துக்காட்டு சொல்கிறேன். கப்பல் படம் ஒன்றைச் சேமிக்கிறீர்கள். அதன் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டீர்கள். இணையப் பக்கத்தை எழுதும்போது அதே பெயரைச் சிறிய எழுத்தில் தட்டுகிறீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். படம் அழகாகத் தெரியும். ஆனால் அதே பக்கத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் படம் வராது! ஏனென்றால் லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. புதிதாகப் பழகும் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. முதலிலிருந்தே லினக்ஸில் எழுதியிருந்தால் வீட்டிலேயே தவறு தெரிந்திருக்கும்.

காசிமேட்டில் படகு ஓட்டப் போகிற பிள்ளை, அலையில் இறங்கித்தானே பழக வேண்டும்? குளத்தில் மட்டும் பழகிவிட்டுக் கடலுக்குப் போனால் திண்டாட்டம்தான்!

கடல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் கப்பலில் மூட்டை மூட்டையாகச் சரக்கு ஏற்றி இறக்குவார்கள். 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர், சரக்கைப் பெட்டியோடு கப்பலில் ஏற்றி அனுப்பினார். பிறகு பெட்டிகளுக்கு ஒரே அளவு வந்தது. எந்தக் கப்பலிலும், எந்த லாரியிலும் அது பொருந்தும். எண்ணூர் சாலையில் நீங்கள் தினமும் பார்க்கும் கன்டெய்னர் அதுதான்.

இதே யோசனையைக் கணினி வல்லுநர்களும் பிடித்துக்கொண்டார்கள்! ஒரு செயலியையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்தச் சர்வரிலும் இறக்கலாம் என்று கண்டார்கள். அதற்கும் 'கன்டெய்னர்' என்றே பெயர். 2013-இல் வந்த 'டாக்கர்' என்ற மென்பொருள் இதைப் பரப்பியது. அதன் சின்னம், முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்! இத்தகைய பெட்டிகளை மேய்க்க 2014-இல் கூகுள் வெளியிட்ட மென்பொருளின் பெயர் 'குபர்னெட்டிஸ்'. கிரேக்க மொழியில் அதற்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். லினக்ஸில் உள்ள வசதிகளை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை இவை. துறைமுகத்துப் பிள்ளைகளான உங்களுக்கு இந்தப் பாடம் எளிதாகப் புரியும் அல்லவா?

மூடியைத் திறந்து பார்க்கலாம்

மூன்றாவது காரணம்தான் ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்தது. மெக்கானிக் கடையில் வேலை கற்கும் பையனுக்கு முதலாளி எஞ்சினைத் திறந்து காட்டுவார். திறக்கவே கூடாது என்று பூட்டி வைத்த எஞ்சினை வைத்துக்கொண்டு எப்படிக் கற்பது? விண்டோஸின் உள்ளே எழுதப்பட்டிருப்பதை நாம் முழுமையாகப் பார்க்க முடியாது. லினக்ஸில் எல்லாவற்றையும் திறந்து படிக்கலாம். மாற்றலாம். நண்பனுக்கு நகல் கொடுக்கலாம். அது திருட்டு அல்ல. சட்டப்படியே அனுமதி உண்டு.

உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் இப்படித்தான் லினக்ஸை வளர்க்கிறார்கள். அதன் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழில் மொழிபெயர்த்தவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு தமிழ்ச் சொல் சரியில்லை என்று தோன்றினால், நீங்களே திருத்தம் எழுதி அனுப்பலாம். எட்டாம் வகுப்பு மாணவி அனுப்பினாலும் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். எவ்வளவு பெரிய வாய்ப்பு!

மற்றவை மோசமா?

இல்லை, இல்லை! அப்படிச் சொன்னால் அது நியாயமாகாது. விண்டோஸிலும் அருமையாகப் புரோகிராம் எழுதலாம். பெரிய விளையாட்டுகள் பலவும் அதில்தான் ஒழுங்காக ஓடும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் கணக்கு எழுதும் அண்ணனுக்கு 'டேலி' வேண்டும். அதற்கு விண்டோஸ்தான் வசதி. ஐபோனுக்குச் செயலி செய்வதென்றால் மேக் தேவைப்படும். ஆனால் அதன் விலை எல்லா வீடுகளுக்கும் கட்டுப்படியாகாது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியைக் கொண்டு வந்தது. அதாவது, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு லினக்ஸ் தேவை என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் நல்ல விண்டோஸ் கணினி இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். பைத்தான் மொழியும் இணையப் பக்கம் எழுதும் முறையும் எல்லா இயங்குதளத்திலும் ஒன்றுதான். நான் எதிர்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். "விலை உயர்ந்த கணினி இருந்தால்தான் கற்க முடியும்" என்ற எண்ணத்தை!

எப்படித் தொடங்குவது?

முதலில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்து, அதில் உள்ள குடும்பப் படங்களையும் முக்கியக் கோப்புகளையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இயங்குதளத்தை மாற்றும்போது தவறுதலாக எல்லாம் அழிந்துவிடக்கூடும். அம்மாவின் கல்யாணப் படங்கள் போய்விட்டால் பென்குயினுக்கு அல்ல, உங்களுக்குத்தான் திட்டு விழும்!

பிறகு லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற எளிய வகைகளில் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். கணினிக்குள் எதையும் மாற்றாமலே சோதிக்கும் வசதி உண்டு. பிடித்தால் நிறுவலாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் நன்றாக ஓடும். 2 ஜிபி என்றால் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆனாலும் எழுதிப் பழகலாம்.

உதவிக்கு யார்? 2012-ஆம் ஆண்டு தொடங்கிய 'கணியம்' என்ற மின்னிதழில் லினக்ஸைப் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் உண்டு. 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் சொல்லித் தரப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் இருந்தது. அக்காவின் பழைய புத்தகத்தைத் தேடி எடுங்கள். வீட்டில் கணினியே இல்லையென்றால், பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். கேட்கிற பிள்ளையை எந்த ஆசிரியரும் விரட்ட மாட்டார்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் வகுப்பில் கணினி கிடையாது. கரும்பலகையும் சாக்பீஸும்தான். ஆனால் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் ஒன்றை அப்போதே சொல்லித் தந்தார்கள். கையில் இருப்பதைக் கொண்டு இன்றே தொடங்குகிற பிள்ளை, நாளைக்கு நல்லது கிடைக்கும் என்று காத்திருக்கும் பிள்ளையை முந்திவிடும்.

என்ன குழந்தைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பார்ப்பீர்களா? முதல் வேலையாக உங்கள் தெருவைப் பற்றி ஓர் இணையப் பக்கம் எழுதுங்கள். அதில் உங்கள் பெயரையும் முகவரியையும் போட வேண்டாம். தெருவின் கதை மட்டும் இருக்கட்டும்!