அந்தக் கால் மணி நேரம்

மே மாதத்துத் தில்லியில் ஏ.சி. மாட்டுபவருக்கு மாப்பிள்ளை மரியாதைதான். காலையில் லட்சுமி நகர், மதியம் துவாரகா, இருட்டிய பிறகு நொய்டா. யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூலி. மூன்றாவது மாடி சன்ஷேடில், இடுப்பில் கயிறுகூட இல்லாமல் நின்று, வெளி யூனிட்டைப் பொருத்திவிட்டு அவர் உள்ளே வந்தால் வீட்டுக்காரர் கேட்பது ஒன்றுதான்: எப்போது ஸ்விட்ச் போடலாம்?

இந்த அவசரத்தில் அடிபடுவது இரண்டு யூனிட்டுகளையும் இணைக்கும் செம்புக் குழாய்கள். ஒன்றரை டன் ஏ.சி.க்குப் பெரும்பாலும் கால் அங்குலக் குழாய் ஒன்று, அரை அங்குலக் குழாய் ஒன்று. மற்றதெல்லாம் தொழிற்சாலையில் பூட்டிச் சோதித்து வருகிறது. இந்தக் குழாய்களின் நான்கு முனைகள் மட்டும் வீட்டில், கையால் இணைக்கப்படுகின்றன.

வேலை பார்வைக்கு எளிது. குழாயைச் சக்கரக் கட்டரால் வெட்ட வேண்டும். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் செம்புத் துகள் உள்ளே விழும். வெட்டிய வாயின் பிசிறைச் சுரண்டும்போது குழாயைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். நட்டைக் கோர்த்த பிறகே வாயைப் புனல்போல் விரிக்க வேண்டும். (நட்டை மறந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். பழகிய கைகளுக்கும் இது நேர்வதுண்டு.) விளிம்பில் மெல்லிய வெடிப்பு இருந்தாலும் கசியும். நட்டைத் தளர விட்டாலும் கசியும். பலங்கொண்ட மட்டும் முறுக்கினாலும் செம்பு நசுங்கிக் கசியும். அரை அங்குல நட்டுக்குக் கால் அங்குல நட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல் முறுக்கு வேண்டும். அதை அளந்து முறுக்கத்தான் டார்க் ரெஞ்ச். பலரது பையில் இருப்பதோ சாதாரண ஸ்பானர்.

பழைய ஆர்-22 வாயு இந்தக் கைப்பழக்கத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. இப்போதைய ஆர்-32 அப்படியல்ல. அதன் அழுத்தம் சுமார் ஒன்றரை மடங்கு. 45 டிகிரி வெயிலில் வெளி யூனிட்டுக்குள் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டைத் தாண்டும். கார் டயரில் இருப்பது 30 சொச்சம்தான். போதாக்குறைக்கு ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது.

குழாயை இணைத்ததும் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கூம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். அழுத்தம் குறையக் குறைய, ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். இதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். பிறகு முள் நகராமல் நிற்கிறதா என்று சற்று நேரம் பார்க்க வேண்டும். பம்ப் கனமானது, மாடி ஏற்ற வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் போனில் காத்திருக்கிறார். எனவே குறுக்கு வழி: யூனிட்டில் இருக்கும் வாயுவையே சில நொடிகள் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுவது. காற்று போகலாம், ஈரம் தங்கிவிடும். ஆர்-32 கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ரகம். அது மெல்ல அமிலமாக, கம்ப்ரஸர் அரிபடும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ரிப்பேர் வந்தால், மாட்டிய நாளை யார் நினைக்கப் போகிறார்கள்?

ஆண்டுதோறும் ‘கேஸ் போடுவது’ இந்தக் கதையின் இன்னோர் அத்தியாயம். கேஸ் பெட்ரோல் அல்ல, தீர்ந்துபோவதற்கு. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை என்று பொருள். முதலில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டிய இடம் அந்த நான்கு முனைகள். ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸ் மட்டும் போடுவது சல்லடையில் நீர் ஊற்றுவது. வெளியேறும் ஒவ்வொரு கிலோ ஆர்-32-ம் 675 கிலோ கார்பன்-டை-ஆக்ஸைடுக்குச் சமமாக வளிமண்டலத்தைச் சூடேற்றுகிறது. பல ஏ.சி.களில் இன்னும் ஓடும் ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ.

இது மத்திய அரசுக்குத் தெரியாததல்ல. 2019-ல் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில், 2022-23க்குள் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவது இலக்கு என்றது. பயிற்சி பெற்றவருக்கும் கூலி யூனிட் கணக்கில்தான் என்றால், பம்ப் ஓடும் கால் மணி நேரம் அவர் கைக்காசு. நிறுவனங்களின் கையேடு வேக்கூம் அவசியம் என்கிறது. அந்த நேரத்துக்கு யார் பணம் தருவது என்று சொல்வதில்லை. பல ரசீதுகளில் கூடுதல் குழாய் அடிக்கு இவ்வளவு, ஸ்டாண்டுக்கு இவ்வளவு, சுவரில் துளை போட இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வேக்கூம் என்ற வரி இருக்காது.