கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகள்



ஒரு பங்கின் இளைஞர்கள் குழுவாகப் புறப்பட்டு, அயல்நாட்டிலுள்ள தோழமைப் பங்கு ஒன்றில் சில நாள்கள் தங்கி, அங்குள்ள இறைமக்களோடு செபித்தும் உழைத்தும் திரும்புவதை இன்று பணிப்பயணம் என்கிறோம். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை நீளும் நம் புறநகர்ப் பங்குகளில் இத்தகைய பயணம் பற்றிய பேச்சு எழுமாயின், இல்லந்தோறும் இரு கேள்விகள் பிறப்பது இயல்பு. "இவ்வளவு பணம் செலவிட்டுப் போகத்தான் வேண்டுமா?" என்பது ஒன்று. "இந்தப் பிள்ளைகள் அங்கே போய் என்ன கொடுத்துவிடப் போகிறார்கள்?" என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் வரவு செலவைப் பார்த்தே விடை காண வேண்டும். இரண்டாம் கேள்விதான் ஆழமானது. அதற்குரிய விடையைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் தாம்பரத்துக்கும் அவ்விடையில் ஒரு பங்கு உண்டு. ஆயினும் அந்த வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது.

1900-ஆம் ஆண்டையொட்டி, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, பாக்கு நீரிணையின் இக்கரையிலுள்ள தொண்டிப் பகுதியில் நற்செய்திப் பணி நடக்கத் துணைநின்றனர். மறைபரப்பு என்றாலே ஐரோப்பியரும் அமெரிக்கரும் செய்வது என்று எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. 1902-இல் யாழ்ப்பாணம் சென்றிருந்த ஓர் இளைஞர் இதைக் கண்டு வியந்தார். அவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் ஊழியம் செய்துவந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. மாணவர்களால் இயன்ற இத்தொண்டு நம்மால் ஏன் இயலாது என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை போலும். மறு ஆண்டே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. அதை நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். ஊழியரும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அச்சங்கத்தின் கொள்கை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடல் கடந்து சென்ற அசரியா அங்கே என்ன கொடுத்தார் என்பது இன்று எவர் நினைவிலும் இல்லை. அங்கிருந்து எதைப் பெற்றுவந்தார் என்பதுதான் வரலாறாக நின்றது.

அவரே 1910-இல், தம் 35-ஆம் வயதில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய உலக மறைபரப்பு மாநாட்டில் பேசினார். வெளிநாட்டு ஊழியர்களின் தியாகத்தை அவர் நன்றியோடு போற்றினார். உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையே வருத்திக்கொண்டீர்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். ஒன்றாய்ப் பணிசெய்வோர் ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து உண்ணாத நிலையை அவர் மறைக்காமல் எடுத்துரைத்தார். கேட்டோருள் சிலர் முகம் சுளித்தனராம். எனினும் அம்மாநாட்டின் உரைகளுள் இன்றுவரை நினைக்கப்படுவது அதுவே. 1912-இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராகத் திருநிலை பெற்றார்.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். அடுத்ததோர் உலக மாநாட்டைச் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடத்த ஏற்பாடு செய்திருந்தனர். ஜப்பான் சீனத்தின்மீது தொடுத்த போரால் அது இயலாது போயிற்று. சென்னை நகரிலிருந்து 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்த கிறிஸ்தவக் கல்லூரி அம்மாநாட்டுக்குத் தன் கதவுகளைத் திறந்தது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் அங்குக் கூடினர். ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் இளைய சபைகளிலிருந்து அவ்வளவு பெருந்தொகையினர் அதற்குமுன் இத்தகைய மாநாட்டில் பங்கேற்றதில்லை. போரில் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் மண்டியிட்டனர். ஆயர் அசரியாவும் அங்கிருந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த டி. டி. நைல்ஸ் என்னும் 30 வயது இளைஞரும் இருந்தார். பிற்காலத்தில் உலகறிந்த போதகரான இவர், நற்செய்தி அறிவிப்பவரை, உணவு கிடைக்கும் இடத்தை மற்றோர் இரவலருக்குச் சொல்லும் இரவலருக்கு ஒப்பிட்டார். கொடுப்பவன், பெறுபவன் என்ற மேடு பள்ளம் அங்கே மறைந்துவிடுகிறது அன்றோ?

இது சீர்திருத்தத் திருச்சபைகளின் மாநாடாயிற்றே, நமக்கென்ன என்று எவரும் ஒதுக்க வேண்டாம். பிரிந்த சகோதரரிடத்தே தூய ஆவியார் நிகழ்த்தும் நன்மைகள் நமக்கும் பயன்தர வல்லவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கற்பித்துள்ளது. மேலும், நம் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறும் இதே உண்மைக்குச் சான்று பகர்கிறது.

கொரிய நாட்டை எண்ணிப் பாருங்கள். அங்குத் திருச்சபை முளைத்தது வெளியிலிருந்து சென்ற குருக்களால் அன்று. நூல்கள் வாயிலாக நம் மறையை அறிந்திருந்த சில கொரிய அறிஞர்கள், யீ சுங்ஹுன் என்னும் இளைஞர் அரச தூதுக்குழுவோடு பெய்ஜிங் செல்வதை அறிந்து, அங்குள்ள குருக்களைக் கண்டு கற்றுவருமாறு அவரைத் தூண்டினர். 1784-இல் அவர் பேதுரு என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்று, நூல்களோடும் சிலுவைகளோடும் ஊர் திரும்பித் தம் நண்பர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். வெறுங்கையோடு கற்கச் சென்ற ஓர் இளைஞரின் பயணம் ஒரு நாட்டுத் திருச்சபையையே ஈன்றது! அந்நாட்டின் சியோல் நகரில்தான் 2027 ஆகஸ்டு மாதத்துக்குரிய உலக இளையோர் நாள் அறிவிக்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டுப் பாரிஸ் நிகழ்ச்சி தொடங்கி, இளையோர் முதலில் சில நாள்கள் அந்நாட்டு மறைமாவட்டங்களில் தங்கி, குடும்பங்களின் விருந்தினராய் வாழும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது. அத்திருநாளின் மறக்க இயலாத பகுதி பலருக்கு அதுவே.

ஆகவே, "என்ன கொடுத்துவிடப் போகிறார்கள்?" என்ற கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்போம்: "யாருக்கு நண்பராகப் போகிறார்கள்?" நம் ஆண்டவர் 72 சீடரை அனுப்பியபோது, பணப்பையின்றிப் போகவும், வரவேற்ற வீட்டிலேயே தங்கவும், வைத்ததை உண்ணவும் பணித்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. அனுப்பப்பட்டவன் விருந்தோம்புவோரின் அன்பை நம்பி வாழ வேண்டும் என்பதே அதன் பொருள்.

பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. புறப்படுமுன் அந்நாட்டு மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லவும், ஒரு செபமாவது சேர்ந்து சொல்லவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். விடுதியைவிட வீட்டில் தங்குவதையே விரும்பச் சொல்லுங்கள். பெற்றவர் நாணும்படியான பெரும் பரிசுகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பிறர் வறுமையைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டுவது தொண்டு ஆகாது என்பதையும் உணர்த்துங்கள். ஐந்து நாளில் ஒரு சுவருக்கு வண்ணம் பூச அங்கேயே ஆள் உண்டு. அவ்வீட்டுப் பாட்டியாரின் பக்கத்தில் அமர்ந்து அவர் கதையைக் கேட்க நம் பிள்ளையால்தான் இயலும்.

திரும்பிவந்தபின் உறவு அறுந்துவிடலாகாது. அவர்களையும் நம் பங்குக்கு அழைக்க வேண்டும். நம் வீடு சிறியது, இரண்டே அறைகள் என்று தயங்கலாகாது. அவர்கள் நம் தரையில் பாய் விரித்துப் படுத்து, நாம் வார்த்த தோசையை உண்டால்தான் அப்பயணம் முழுமை பெறும்.

இதற்குக் கடவுச்சீட்டு இல்லாத பயிற்சிக் களம் ஒன்றும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இப்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வந்துள்ள கத்தோலிக்க இளைஞர்கள், தமிழ் அறியாதவர்களாய், ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்பதுண்டு. திருப்பலி முடிந்ததும் அவர்களுள் ஒருவரின் பெயரைக் கேட்டறிந்து, மதிய உணவுக்கு வீட்டுக்கு அழைத்துவர உங்கள் மகனிடமோ மகளிடமோ சொல்லுங்கள். அதைச் செய்யக் கற்ற பிள்ளை கடல் கடந்தும் நண்பனாகவே செல்வான். அதைக் கல்லாத பிள்ளை எந்நாடு சென்றாலும் சுற்றுலாப் பயணியாகவே திரும்புவான்.

வரும் ஞாயிறன்றே உங்கள் இல்லத்தில் ஓர் இலையைக் கூடுதலாகப் போடுங்கள். பயணம் அங்கிருந்து தொடங்கட்டும்.